இரண்டு சாண்

திறப்புவிழாவுக்கு நானும் போயிருந்தேன்.
நான் இல்லாமல் எப்படி?
நீல நாடாவை என் மடிக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்து
நகராட்சி உறுப்பினர் ஹூக்ஸ்மா
கத்திரிக்கோலை என் கையில் தந்தார்.
வெட்டினேன்.
கைதட்டலுக்கு ஒரு வாத்து பறந்தது.

எல்லாம் அளந்துதான் செய்திருக்கிறார்கள்.
சாய்தளம் பன்னிரண்டடிக்கு ஓரடி.
பலகை இடுக்கில் முன்சக்கரம் சிக்காது.
ஃப்ரீஸ்லாந்து மழையில் வழுக்காதிருக்கக்
கோழிவலை அடித்திருக்கிறது.
உருண்டு விழாதிருக்க விளிம்பில் கட்டை.
காரிலிருந்து நாற்பதே தள்ளு.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை
எழுத்துப் பிசகாமல் செய்தவர்கள்
போட்ட இடத்துத் தண்ணீரை அளக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின்
ஈயக்குண்டை நூலில் கட்டி இறக்கினேன்.
விட்டதும் தட்டியது.
இரண்டு சாண்.
தரையில் ஒரு ஐஸ்கிரீம் காகிதம்,
விலையைக்கூடப் படிக்கலாம்.

மீன் எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியும்.
ரயில் பாலத்துக்கு அப்பால்
வாய்க்கால் வளைகிற இடத்தில்
ஆல்டர் வேர்கள் தண்ணீருக்குள் துழாவுகிற இடத்தில்
ஆளுயரத்துக்கு மேல் ஆழம்.
பாசியில் பொன்னைத் தேய்த்த நிறத்தில்
ஸேல்ட் மீன்கள் விடிகாலையில் குமிழி விடும்.
அங்கே போக எழுநூறு மீட்டர் புல்தடம்.
நடுவில், மாடு தாண்டாமலிருக்க
இரும்புக்குழாய் பரப்பிய பள்ளம்.
மாட்டுக்காகப் போட்டதுதான்.
மாடும் நானும் இந்தப் பக்கம் நிற்கிறோம்.

எதிர்வீட்டு ரின்ஸ்க அங்கிருந்து படம் அனுப்புவாள்:
பார், மூன்று கிலோ!
நல்ல மனசு. இரண்டு நாள் பதில் போடவில்லை.

சங்கச் செயலாளர் யெல்மர் சொன்னார்:
உங்களுக்காகத்தானே பார்த்துப் பார்த்துச் செய்தோம்,
கழிப்பறைகூடப் பக்கத்தில்.
உண்மை. மிகவும் பக்கத்தில்.
சாவி ஹூக்ஸ்மாவிடம்.
ஹூக்ஸ்மா ஸ்பெயினில்.

சனிக்கிழமைதோறும் அந்த மேடையில் உட்கார்ந்தேன்.
நாயோடு போகிறவர்கள் குனிந்து
குழந்தையிடம் கேட்கிற குரலில் கேட்பார்கள்:
ஏதாவது மாட்டியதா?
நான்தான் மாட்டியிருக்கிறேன் என்பேன்.
சிரிப்பார்கள். நாயும் சிரிக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறார்களே,
ஆழம் தெரிந்ததுதான் என் தகராறு.

செப்டம்பர் கூட்டத்தில் நான் பேசவில்லை.
முடிச்சிலிருந்து குண்டு வரைக்கும்
நூலை மேசைமேல் நீட்டி வைத்தேன்.
இரண்டு பியர் கோப்பை உயரம்.
யாரோ சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
நிகழ்ச்சிக் குறிப்பில் அடுத்தது
படகுக் கட்டணம்.

மாட்டுக்காரன் வோபெ மட்டும்
வாசலில் என் சக்கரத்தை ஒரு காலால் தடுத்து
எவ்வளவு அகலம், என்றான்.
அறுபத்தேழு.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

பத்து நாளில் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு,
தாழ்ப்பாள் என் முழங்கை உயரத்தில்.
சேறான இடங்களில்
தொழுவத்து ரப்பர் பாய்கள்,
கழுவாமல்.
கழுவியிருந்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்
என்று நினைத்தானோ என்னவோ.

வளைவில் மேடை இல்லை, கட்டை இல்லை.
வேலிக்கம்பத்தோடு நாற்காலியைக் கயிற்றால் கட்டினேன்.
குண்டை இறக்கினேன்.
விரலிடுக்கில் நூல் ஓடியது,
ஓடிக்கொண்டே இருந்தது.
எங்கோ வயிற்றுக்குள் தட்டியதுபோலத் தட்டியது.

தக்கை காலையெல்லாம் அசையவில்லை.
பக்கத்தில் ரின்ஸ்கவுக்கும் அசையவில்லை.
அவள் தண்ணீரைத் திட்டினாள்,
நான் புழுவைத் திட்டினேன்.
மத்தியானம் மழை வந்தது.

திரும்பும்போது கதவடியில் வோபெ.
மாட்டியதா?
இல்லை.
அக்டோபரில் வந்தால் என்ன மாட்டும்,
அறிவிருக்கிறதா, என்று
எனக்குப் பின்னால் கதவை அறைந்து சாத்தினான்.

வழியெல்லாம் சக்கரத்தில் சாணி நாற்றம்.
வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.