மூன்றாம் பிரிவு

பைலா வரைவு மலையாளத்தில் வந்தது.
தமிழ்ப்படி எடுப்பது என் வேலை.
முதல் பிரிவு, பெயர். சுலபம்.
இரண்டாம் பிரிவு, எல்லை:
கோரையாற்றுப் பாலத்தின் நடுவரை.
எழுதிவிட்டேன்.
கணவாய்க் காற்றுக்கு யார் படித்துக் காட்டுவது?
மார்கழியில் அது அந்தப் பக்கத்துக் குப்பையை
இங்கே தள்ளும்,
ஆடியில் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும்.

மூன்றாம் பிரிவில் நின்றுபோனேன்.
பொருள் விளக்கம்.
புகைத்த பின் மிஞ்சுவதற்கு
மலையாளத்தில் குற்றி.
தமிழில் என்ன போட?
துண்டு என்றால் தோளுக்கு.
கட்டை என்றால் அடுப்புக்கு.
தேவானை பஞ்சு என்கிறாள்.
பஞ்சென்றால் மக்கிவிடுமே,
இது பிளாஸ்டிக் நூல் என்று
வரைவின் ஓரத்தில் யாரோ
சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள்.
குற்றி என்றே அடித்தேன்.
விசைப்பலகை அதைக்
குற்றம் என்று நீட்டியது.
அழிக்காமல் கொஞ்சநேரம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாட்சிக்கு ஒரு எண் வேண்டுமென்றார் செக்ரட்டரி.
ஹரித கர்ம சேனையின் பச்சைக் கோட்டில்
தேவானை இறங்கினாள்,
தக்காளி லாரிகள் வரிசைகட்டும் செக்போஸ்ட்டில்
காலை ஏழிலிருந்து உச்சிவரை.
நாலாயிரத்துப் பன்னிரண்டு.
எத்தனை முறை குனிந்தாள் என்பதற்கு
படிவத்தில் கட்டமில்லை.
"ஆபீஸ் பின்னாடி முப்பத்தொண்ணு, சாரே.
அதையும் சேத்தித்தான்."
நான் தலை நிமிரவில்லை.
சட்டைப் பையில் பாக்கெட் கனத்தது.

ஆறாம் பிரிவு:
பாக்கெட்டுக்கு நாலு ரூபாய் முன்பணம்,
இருபது குற்றி திரும்பினால் நாலும் திரும்பும்,
சுமைகூலி கம்பெனி கணக்கில்.
பெட்டிக்கடை ஹம்சா மனு கொடுத்திருக்கிறார்:
பாலம் தாண்டினால் நாலு ரூபாய் கம்மி,
என் கடையில் ஈ ஓட்டவா?
நியாயம்தான், கோப்பில் வைத்தேன்.
வார்டு மெம்பர் சரசம்மாவுக்கு வேறு பயம்:
தமிழ்நாட்டுக் குற்றியை மூட்டை கட்டி
இங்கே காசாக்கினால்?
தேவானை சிரித்தாள்.
"குற்றிகிட்ட ரேஷன் கார்டு கேக்கணுமோ?"
கூட்டக் குறிப்பில் நான் எழுதியது:
உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர்.

பிறகு அவள் கோட்டுப் பையிலிருந்து
இன்னொன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
இளஞ்சிவப்பு, விரல் நீளம்,
மாம்பழ வாசனை.
ஸ்கூல் வேலியோரம் பதினேழு கிடந்ததாம்.
"இது எந்தப் பிரிவு?"
செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றினார்.
அது நாட்டிலேயே தடை.
விற்கக்கூடாது, வாங்கிவரக்கூடாது.
இல்லாத பொருளுக்கு
பஞ்சாயத்து எப்படித் தொட்டி வைக்கும்?

இல்லாத பொருள்
ஓரத்தில் நீலமாய் ஒருமுறை மினுங்கியது.
உள்ளே பேட்டரி.
போன மீன மாதம்
குப்பை தரம்பிரிக்கும் ஷெட் ராத்திரியில் எரிந்தது.
கோப்பில் காரணம்: தெரியவில்லை.
தேவானையின் இடது முழங்கை
இன்னும் தோல் கட்டவில்லை.
அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.
கோட்டின் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்,
அவ்வளவுதான்.

எல்லோரும் போனபின் மறுபடி உட்கார்ந்தேன்.
மின்விசிறி வரைவைப் புரட்டிக்கொண்டே இருந்தது,
மூன்றாம் பிரிவின்மேல் அந்த மாம்பழத்தை வைத்தேன்,
பாரத்துக்கு.
மலையாளத்தில் மூன்றாம் பிரிவு
ஐந்து உட்பிரிவோடு முடிகிறது.
தமிழ்ப்படியில் ஆறு.

தடை செய்யப்பட்டிருந்தும்
தரையில் கிடக்கும் எதுவும்
இந்தப் பைலாவின் கண்ணுக்கு
உள்ள பொருளே.

புதன்கிழமை கூட்டம்.
இரண்டு படியையும் பக்கத்தில் வைத்து
வாசிக்கிறவர் இந்த ஆபீஸில்
என்னைத் தவிர யாருமில்லை.
முத்திரை குத்தினேன்.
பின்பக்கக் கதவைத் திறந்து
முப்பத்திரண்டாவதைப் பற்றவைத்து,
முடித்து,
அணைத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு
நின்றேன்.
சூடு ஆறவே நேரமெடுத்தது.