இரண்டு ரயிலுக்கு நடுவே

நாலு ஐம்பதுக்கு நெல்மூட்டைச் சரக்கு வண்டி போனதும்
அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம்.
கேட்டைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறேன்.
குறுக்கே போக ஒருவரும் இல்லை.
இந்தப் பனியில்
கொரடாச்சேரி இருக்கிறதா என்பதே சந்தேகம்.

டீசல் எழுந்திருக்கவில்லை.
பச்சைக்கொடி, சிவப்புக்கொடிக்குக் கீழே
சாக்கின்மேல்
மூக்கை வாலுக்குள் செருகி
யாரோ இறக்கிவைத்த சும்மாடு மாதிரி கிடக்கிறது.

டாக்டர் நசீமா கண்டிப்பாகச் சொன்னார்:
"குளிரில் சுருண்டு கிடந்தால் பின்னங்கால் இறுகிப்போகும்.
ஒன்பது வயசு. நடக்க வையுங்கள்.
ஓடினால் இன்னும் நல்லது."
மாத்திரைக்குக் கீழே
காலை ஒன்று, மாலை ஒன்று என்று
நடையையும் எழுதித் தந்தார்.

எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை.
அது கேபினில் இருக்கும் தொலைபேசியின் பொறுப்பு.
மணிச்சத்தம் காதில் விழுகிற மட்டும்தான்
எனக்கு அனுமதி:
கிழக்கே மதகு,
மேற்கே பக்கிரிசாமி வயலின் முதல் வரப்பு.

பொறை பிஸ்கட்டுக்கு நாலு அடி நடந்தது.
திருவாரூரில் நாற்பது ரூபாய்க்குப் பந்து வாங்கி வீசினேன்.
பந்தைப் பார்த்தது.
என்னைப் பார்த்தது.
எறிந்தவள்தானே எடுக்க வேண்டும்?
எடுத்தேன். எறிந்தேன். எடுத்தேன்.
அந்த வாரம் முழுக்க
குளிருக்கு ஓடியது நான்தான்.

பிறகு ஒரு விடியலில்
வரப்போரம் எதையோ மோந்து அப்படியே நின்றது.
காது இரண்டும் எழுந்தன.
எலி வளை.
ஒன்பது வயசு எங்கே போனதோ,
பின்னங்காலை அகட்டி ஊன்றி
முன்னங்காலால் மண்ணை வாரி வாரி என் யூனிபார்மில் இறைத்தது.
உடம்பிலிருந்து ஆவி பறந்தது.
எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.
தொலைபேசி அடித்தது, ஓடிவந்துவிட்டோம்.

மறுநாள் மண்வெட்டியோடு பக்கிரிசாமி நின்றார்.
"பொதி கட்டுற பயிரும்மா.
தண்ணி பூரா பக்கத்து வயலுக்குப் போயிருக்கு.
மேட்டூர மூடிட்டா
யாரு வந்து ஊத்துவா, உங்க ரயிலா?"
எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.
டீசல் மூக்கில் சேறு காய்ந்து
சாட்சியே தேவைப்படவில்லை.

அவர் குனிந்து உடைப்பை அடைத்தார்.
சேற்றை அள்ளி அறைந்து, மிதித்து, மறுபடி அறைந்தார்.
வளைக்குள் விட்ட கை
வெளியே வந்தபோது பிடி நிறையக் கதிர்.
இன்னொரு பிடி.
இன்னொன்று.
எலி வெட்டிச் சேர்த்தது, பாதி பால்கூடப் பிடிக்காதது.
மடியில் போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் பயிரையே பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்?"
"எந்த வண்டி?"
"வண்டி இல்லம்மா. இது."

மேலண்டைத் திடலோரம் ஏழெட்டு வளை இருக்கிறதாம்.
அங்கே தண்ணீர் நிற்காதாம், தோண்டட்டுமாம்.

மேலண்டைத் திடல்
மணிக்கு எட்டாத இடம்.
பனி கனத்த நாளில் சத்தமும்
இன்னும் இருபது அடி கூட நடந்து வருகிறது;
அன்றைக்கு நானும் போகிறேன்.

இன்று பனி மெல்லிசு.
கடைசி அடியில் நான் நின்றுகொண்டேன்.
டீசல் திரும்பிப் பார்த்தது, போய்விட்டது.
ஒரு காது கேபினுக்கு.
இன்னொரு காதில்
இருட்டுக்குள் எங்கோ
மண் பறியும் சத்தம்.