பன்னிரண்டாவது கட்டம்

ஷெமிலா டீச்சர் தந்த அட்டையில்
சாயாவுக்குப் படம் ஒரு பீங்கான் கோப்பை,
அடியில் சாஸர், பக்கத்தில் ஒரு பூ.
றசல்ராஜ் அதை வீசிய வீச்சில்
அடுக்களைப் பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது.

அவர் குடிப்பது
விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளரில்.
ஜெபிஷா அதைப் போட்டோ எடுத்தாள்.
பிறகு அவர் லுங்கியை, கக்கூஸ் கதவை,
தைலக் குப்பியை,
கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தை.
இரவிபுதூர்கடை ஸ்டுடியோவில்
லேமினேஷனோடு நூற்றி இருபது ரூபாய்.
பன்னிரண்டு கட்டம்.
கடைசியை வெறுமனே விடச் சொன்னாள் டீச்சர்:
"இதுல இல்லாத ஒண்ணு
அவருக்கும் தோணுமில்லா?"

பதினெட்டு வருஷம்
வடசேரிக்கும் களியக்காவிளைக்கும் நடுவே
ஊர்ப்பேர் கூவிய தொண்டை.
தோட்டியோட்டில் பைக் சறுக்கி
மண்டை தார்ரோட்டில் அடித்த ராத்திரி
ஏறியிருந்த பேரெல்லாம் இறங்கிவிட்டது.
என் பேர் உட்பட.

ஒருநாள் கரண்டு போனது.
டிவி அணைந்து, மிக்ஸி நின்று
வீடு வாயை மூடியபோது
ஜெபிஷா விளையாட்டாக "வடசேரி" என்றாள்.
"பார்வதிபுரம்" என்றார்.
அரிசி களைந்த கையோடு நான் நின்றேன்.
சுங்கான்கடை. தோட்டியோடு. வில்லுக்குறி.
தக்கலை, தக்கலை, தக்கலை எறங்கு.
விழுந்த இடத்தில்கூட நிற்காமல்
போய்க்கொண்டிருந்தது வண்டி.
தனியாக ஒரு ஊரைக் கேட்டால் வராது.
வரிசையில் என்றால் வரும்.

எண்ணிக்கையும் ஜெபமும் இப்படித்தான்,
மூளையில் வேறு அறையில் குடியிருக்கும் என்றாள் டீச்சர்.
அதை நம்பிப் பெரிசாக ஆசைப்படவும் வேண்டாம் என்றாள்.

இப்போது வீட்டில் சட்டம் உண்டு.
ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு கேள்வி.
கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணணும்.
நான் நாலிலேயே முந்திவிடுவேன்.
அவர் கழுத்தில் பழைய டூட்டி விசில்:
ஒன்று என்றால் நிறுத்து,
ரெண்டு என்றால் போகலாம்.
அவர் சொல்ல வந்ததை
நான் முடித்துக் கொடுக்கும்போதெல்லாம்
ஒற்றை விசில்.

கிறிஸ்துமஸுக்கு வந்த எனக்க அண்ணன்
செவிடனிடம் பேசுவதுபோல் கத்தினான்:
"அளியா, நான் ஆருண்ணு தெரியுதா?"
ஒற்றை விசில்.
சோறு விளம்பி, கை கழுவி,
அவன் செருப்பைத் தேடும்வரை ஒற்றை விசில்.
சிரித்தால் பாவம் என்று
ஜெபிஷா பின்வாசலுக்கு ஓடிப்போனாள்.

நேற்று ராத்திரி
அட்டையை மடியில் வைத்து
விரலை வெறுங்கட்டத்துக்குக் கொண்டுபோனார்.
நகத்தால் இரண்டு தரம் தட்டினார்.

சாமானா? ஒற்றை.
வலியா? கொஞ்சம் யோசித்து, ஒற்றை.
ஆளா? ஒற்றை.
முன்னே நடந்ததா?
ரெண்டு.
பைக்கா? ஒற்றை.

அந்த ராத்திரி
"இன்னும் எங்க நிக்குதீரு" என்று
ஓயாமல் போன் அடித்தவள் நான்.
ஆள் இல்லை என்று அவர் சொல்லியாகிவிட்டது.
இருந்தும் கேட்டேன்,
"நானா?"

முதல்முறையாக ஒழுங்காக எண்ணினேன்.
ஆறில் மழை தகரத்தில் இறங்கியது.
ஒன்பதில் விசிலை உதட்டில் வைத்தார்.
எடுத்தார். ஈரத்தைத் துடைத்தார்.
பத்து.
பத்துக்கு மேல் என்ன செய்யணும் என்று
டீச்சர் சொல்லித் தரவில்லை.
பதினொன்று. பன்னிரண்டு.
விரல் அந்தக் கட்டத்திலேயே இருந்தது.