வாடகை ஆடுகள்

ஆடு என்னுடையதல்ல. புல்லும் அல்ல.
மணிக்கு இருபது யூரோ, ஐந்து ஆடுகள்,
மழை பெய்தாலும் பணம் திரும்பாது
என்று கொட்டகைக் கதவில் எழுதி வைத்திருக்கிறாள்
ஹிஸ்கே வியார்டா.

நாய் மட்டும் என்னுடையது.
மிர்க். பதினோரு மாதம்.
ஒரு காது எழுந்து நிற்கிறது,
மற்றது இன்னும் முடிவெடுக்கவில்லை.

வாரத்தில் ஐந்து நாள்
ஃப்ரீஸ்லாந்தின் ஒரு கால்வாயில்
பாலத்தைத் தூக்கி இறக்குகிறவன் நான்.
பொத்தானை அழுத்தினால்
நாற்பது டன் இரும்பு சொன்ன பேச்சு கேட்கும்.
சனிக்கிழமைகளில்
பதினைந்து கிலோ நாய் கேட்பதில்லை.

வீட்டில் ஃப்ரீசியம், வேலையில் டச்சு,
நாயிடம் ஆங்கிலம்.
ஏதோ ஸ்காட்லாந்து மலையிலிருந்து
நாயோடு சொற்களும் இறக்குமதி.
‘கம் பை’ என்றால் ஆடுகளை வலம் வர வேண்டும்.
‘அவே’ என்றால் எதிர்ச்சுற்று.
வலம் வர, என் இடப்பக்கமாகக் கிளம்ப வேண்டும்
என்பது மிர்க்குக்குத் தெரிகிறது.
நான்தான் ஒவ்வொரு முறையும்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் மாதம் மந்தையின் நடுவே பாய்ந்தது.
ஒரு வாய்க் கம்பளியோடு திரும்பி வந்து
வாலாட்டியது.
“நாயை விடு, நீ எங்கே நிற்கிறாய் பார்”
என்றாள் ஹிஸ்கே, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.
பார்த்தேன்.
முழங்கால்வரை வாய்க்கால்.

ஆடுகளோ இந்த வித்தையில் கரைகண்டவை.
அறுபது நாய்களைத் தேர்வுக்கு அனுப்பியவை.
மிர்க் கிளம்பியதுமே நேரே வந்து
என் கால்களில் ஒட்டிக்கொள்கின்றன,
பேருந்தில் இடம் பிடித்தவர்கள் மாதிரி.
ஓட்டி வந்தது தான்தான் என்று
அது நினைத்துக்கொள்கிறது.
பழக்கியது நான்தான் என்று நானும்.
ஆடுகள் யாரையும் திருத்துவதில்லை.

மார்ச்சில் ஒரு காலை மட்டும்
நான் நகர, அது நகர்ந்தது.
நான் ஆறு மணி என்றால் அது பன்னிரண்டு.
நான் ஏழுக்குப் போனால் அது ஒன்றுக்கு.
நடுவில் ஐந்து ஆடுகள், அசையாமல்.
நான் வாய் திறக்கவில்லை.
பத்து விநாடி இருக்கும்.
பிறகு ஒரு வாத்து பறந்து எல்லாம் கெட்டது.

திங்கட்கிழமை வீட்டில் வண்ணம் பூசினார்கள்.
மிர்க்கைப் பாலத்துக்கு அழைத்துப் போய்
மேசைக்கடியில் கட்டிப்போட்டேன்.
முடிச்சு என்னுடையது; அதன் தரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

பாய்மரப் படகொன்று ஊதியது.
சிவப்பு விளக்கு. தடுப்புக் கட்டை. பாலம் எழுந்தது.
இக்கரையில் சைக்கிள்கள் சேரத் தொடங்கின:
பள்ளிப் பிள்ளைகள் பதினேழு,
ஒரு தபால்காரி,
முதுகில் செல்லோ சுமந்த ஒருவர்.

ஜன்னல் வழியே பார்க்கிறேன்.
வயிறு தரையை உரச, தலை தாழ்த்தி,
கண்ணை எடுக்காமல்
அகலமாய் ஒரு அரைவட்டம் போடுகிறது மிர்க்.
விலகி நின்ற தபால்காரியை
ஒரே பார்வையில் உள்ளே சேர்த்தது.
செல்லோக்காரர் தானாகவே ஓரடி பின்வாங்கினார்.

ஒலிபெருக்கியை எடுத்து ‘லை டவுன்’ என்றேன்.
கால்வாய் முழுக்கக் கேட்டது.
ஒரு சிறுவன் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.
நாயும் படுத்தது,
சரியாகப் பன்னிரண்டில்.

அவ்வளவு நேர்த்தியான மந்தையை
எந்தப் போட்டியிலும் நான் பார்த்ததில்லை.

படகு போயிற்று. பாலம் இறங்கியது. பச்சை.
அக்கரை தொட்டதும்
பத்தொன்பது பேரும் பத்தொன்பது திசை.

மிர்க் எழுந்து காலிச் சாலையைப் பார்த்தது.
பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த என்னை,
சேர்த்துக் கொடுத்ததையெல்லாம்
ஒரு பொத்தானில் சிதறவிட்டவனை.

அதற்கு என்னிடம் ஆங்கிலத்தில் சொல் இல்லை.
டச்சிலும் இல்லை.
இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.
இரண்டு காதும் நிமிர்ந்திருந்தன.