நூறுக்கும் நாற்பதுக்கும் நடுவே

ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று கேட்டார் வீ செங்.
நூறு வை என்று அவரே சொன்னார்.
பொடிச் சல்லடை, பத்திரமான இயந்திரம்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நான் நாற்பது என்று எழுதியிருந்தேன்.
எண் ஏற ஏறக் கண் சிறுக்கும்,
வாயுவுக்கு மூச்சு முட்டும்,
துளைத்தகட்டில் முதுகு சாய்த்த நாற்பது போதும் என்று
மூன்று பக்கக் கணக்கு.
முதல் பக்கத்தைப் படித்தார்.

ஜூரோங் தீவில் அன்றிரவு மழை.
புதுக் குழாய், புதுக் கம்ப்ரசர்.
அதன் வாய்க்கு முன்னால்
குல்லாயைச் செருகியதுபோல் நூறு மெஷ் கூம்பு.
பதினொன்று நாற்பதுக்கு ஓட்டினோம்.
ரோஸ்லான் அழுத்தமானியின் கண்ணாடியைத்
துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
முள் ஒரு நூல் நகர்ந்தது.
அப்புறம் ஒரு விரல்.
"நாயிக் லாகி" என்றார், மெதுவாக,
முள்ளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல.
இரண்டு மணிக்கு ட்ரிப்.

போல்ட்டுகளைக் கழற்றினால்
கூம்பு கசங்கிக் கிடந்தது,
குடித்துவிட்டு நசுக்கிய காகிதக் கோப்பையாக.
ஓரத்தில் இரண்டு கம்பி அறுந்திருந்தது.
வேலி பயிரை மேய
இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது.

வெள்ளைத் துணியில் தட்டிக் கொட்டினோம்.
துரு.
கடுகைப்போல் வெல்டிங் கசடு.
கையுறையிலிருந்து ஒரு நூல், நீலம்.
இளவழுதி குனிந்து பார்த்தான்.
"இது என்னோடது" என்றான்.
கசடா நூலா, சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை அவன் பாஸ் முடிகிறது.
தீவு வாசலின் தடுப்புக் கதவுக்கு
எத்தனை மெஷ் என்று நான் கேட்டதில்லை.

நாலு மணிக்கு வந்தார் வீ செங்.
கூம்பைத் தூக்கினார், கீழே வைத்தார்.
"உன் இரண்டாம் பக்கத்தைக் காட்டு."

மாவையும் சலிப்பார்கள், மனசும் சலிக்கும்,
எங்கள் மொழியில் ஒரே சொல்.
அதை அவரிடம் சொல்ல
அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை.

நாற்பது போட்டோம்.
கொஞ்சம் தூசி உள்ளே போகும், போகட்டும்,
இயந்திரம் தாங்கும்.
தாங்கும் என்று எழுதியவள் நான் என்பதால்
ஆறரை வரை முள்ளை விட்டு நகரவில்லை.
அது அசையவில்லை.
அப்படியும் நம்பவில்லை.

பூன் லேயில் வீட்டு வாசலில்
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
தரையில் ஒரே ஒரு பொடி.
விரல்நுனியில் ஒற்றி
நடைபாதை விளக்கில் பிடித்தேன்.
நூறில் சிக்கும்.
நாற்பதில் தப்பும்.