நீல மூடி

விடியுமுன் நாலு மணி.
ஆர்ஃபாக் மலைச் சரிவில்
யாஃபெத்தின் முதுகுதான் வழி.
அவன் டார்ச்சில் சிவப்புக் காகிதம்;
வெள்ளை வெளிச்சம் காட்டுக்கு ஆகாதாம்.
வேர் இடறி நான் "ஐயோ" என்றதற்கு
திரும்பாமலே ஒரு "உஷ்".

ஓலை மறைவுக்குள் நெருக்கியடித்து
நான், ஒரு டச்சுக்காரர்,
அவர் அடக்கிக்கொண்டிருக்கும் இருமல்.

தலைக்கு இவ்வளவென்று நேற்றே கட்டியாயிற்று.
பள்ளிக்கூடக் கூரைக்கு ஒரு பங்கு,
இந்தச் சரிவை வெட்டாமல் வைத்திருக்கும்
குடும்பத்துக்கு ஒரு பங்கு.
"பறவைக்கு?" என்று கேட்டிருந்தேன்.
"நீங்கள் சீக்கிரம் கிளம்புவது" என்றான்.

மெல்ல வெளுத்தது.
சுள்ளிகளால் ஒரு குடில்,
வாசலில் பாசிமெத்தை.
சிவப்புப் பழங்கள் ஒரு குவியல்,
கறுப்புக் காளான் ஒரு குவியல்,
வண்டுகளின் ஓடு தனியே, மினுமினுத்து.
இவ்வளவும் கட்டியவன் வந்தான்.
காய்ந்த சேற்றின் நிறம்.
தனக்கென்று ஒரு பொட்டு வண்ணம் வைத்துக்கொள்ளவில்லை.

யாரோ ஜிப்பைத் திறக்கும் சத்தம்.
டச்சுக்காரர் என்னை முறைத்தார்.
என் கைகள் மடியில்.
திறந்தது அதன் தொண்டை.

பிறகுதான் பார்த்தேன்.
பழத்துக்கும் காளானுக்கும் நடுவே
நீலமாய், வட்டமாய்,
நேற்று மதியம் என் பாட்டிலிலிருந்து உருண்டோடி,
மழை வருகிறதென்று
நான் தேடாமல் விட்ட மூடி.
அலகால் இரண்டு விரற்கடை நகர்த்தி
தலை சாய்த்துப் பார்க்கிறது.
திருப்தியில்லை. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.

அது பறந்ததும்
"போய் எடுத்துவிடட்டுமா" என்றேன்.
யாஃபெத் யோசித்தான்.
"போன வருடம் ஒரு ஹேர்கிளிப்பை எடுத்தேன்.
மூன்று நாள் தேடியது,
எங்கள் சமையல்கட்டு வரைக்கும் வந்து."
குடிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"இனி அது உங்களுடையது இல்லை."

இறங்கி வந்தோம்.
நாங்கள் மிதித்த சேற்றைப்
பெரணித் தழையால் கலைத்தபடி கடைசியில் அவன்.

ஒர்பா அவித்துவைத்த சர்க்கரைவள்ளி ஆறிப்போயிருந்தது.
என் பட்டியலில் அந்தப் பறவைக்கு நேரே
ஒரு டிக் போட்டேன்.
எதிரே அவனும்
கோடு போட்ட நோட்டொன்றைத் திறந்தான்.
தேதி. ஹேர்கிளிப், ஒசாகா.
தேதி. பேட்டரி, லியோன். (இதை எடுத்தாயிற்று.)
தேதி. மிட்டாய்த் தாள், ஊர் சொல்லவில்லை.
அடியில் நீல மூடி என்று எழுதி
என் பெயருக்கு
எழுத்து எழுத்தாய்க் கேட்டான்.