ஈயக் கதவு

துண்டில் கஜந்தினி என்றிருந்தது.
மூன்று தரம் கூப்பிட்டேன்.
வாங்கில் இருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்,
கஜந்தினியைத் தவிர.
பக்கத்து மனுசி முழங்கையால் இடித்த பிறகுதான்
எழும்பினாள்.

சாவகச்சேரி ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
சந்தை முடிந்து வந்த சனம் வாசல் வரைக்கும்.
என்ன நடந்தது என்று பிள்ளையைக் கேட்டேன்.
"படியில விழுந்திட்டா," என்றது மனுசி.
எப்ப?
"முந்தநாள்."
எங்கயம்மா நோகுது?
"வலக்கை. நெஞ்சாங்கூடு."
அடையாள அட்டை?
"வீட்டை கிடக்கு."
பிறகு, கேளாமலே,
"என்ர தங்கச்சியின்ர மகள். ஏஎல் எழுதிட்டு நிக்கிறா."

குனிந்து, சாப்பிட்டியா என்றேன்.
"ஆமாங்க."

ஆமாங்க.
தென்மராட்சியில் வளர்ந்த எவள் வாயிலும்
ஓமுக்குப் பதிலாய் அது வராது.
ஒரு சொல்லுக்குள்
ஒரு லயமே வரிசையாய்க் கதவு திறந்து நின்றது.
மனுசியும் கேட்டாள். சிரித்தாள்.
"ரீவி பாத்துப் பாத்துப் பழகிட்டுது."

இருபத்திரண்டு வருசம் எலும்பு பார்க்கிறவள் நான்.
மோட்டசைக்கிளால் விழுந்தது, பனையால் விழுந்தது,
இருமலுக்கு வந்தவரின் தோளுக்குள்
அவரே மறந்துபோன செல் துண்டு.
போன மாசியில் ஒருத்தி
இப்படித்தான், வேறொருத்தி பேசப் பேச நின்றாள்.
"விழுந்தது" என்று துண்டில் கிடந்தது.
படம் எடுத்தேன்.
அடுத்த துண்டைக் கூப்பிட்டேன்.
அந்தப் படத்தின் இலக்கம் எனக்கு இன்னும் பாடம்.

மனுசியும் உள்ளே வரப் பார்த்தாள்.
"கதிர் படும் அக்கா, வெளியில நில்லுங்கோ."
"அவ பயப்பிடுவா. எனக்கும் ஒரு அங்கி தாங்கோவன்."
"கிழிஞ்சு போச்சு."
கதவுக்குப் பின்னால் இரண்டு தொங்கின.

ஈயம் வைத்த கதவு, பாரம்.
தோள் கொடுத்து மூடினேன்.

முதலில் நெஞ்சு.
நாடியைப் பலகையில் வைத்து
மூச்சை இழுத்துப் பிடி என்றேன்.
கண்ணாடிக்கு இப்பால் வந்து பொத்தானை அமத்தினேன்.
திரையில் மூன்று விலா, பழைய முறிவு,
ஆரும் பார்க்காமல் தன்பாட்டில் பொருந்தி, கோணலாய்.
அதையே பார்த்துக்கொண்டு
விடு என்று சொல்ல மறந்துபோனேன்.
திரும்பினால்
முகம் கறுத்து, தோள் நடுங்க
அவள் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பிறகு கை.
துண்டில் வயது பதினெட்டு.
மணிக்கட்டில், எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே
மெல்லிசாய் ஒரு கறுத்தக் கோடு, இன்னும் மூடாமல்.
வளர்கிற பிள்ளைக்குத்தான் அது இருக்கும்.
பதினாலு. மிஞ்சினால் பதினைஞ்சு.
எலும்புக்கு ஆரும்
சொல்லிக்கொடுத்துக் கூட்டிவரேலாது.

கனக்கக் கேட்கக்கூடாது என்று தெரியும்.
ஒன்றே ஒன்று கேட்டேன்:
"அந்த வீட்டை திரும்பிப் போக விருப்பமோ?"

கால்விரலைப் பார்த்தாள்.
செருப்பு இரண்டு அளவு பெரிது.
"இந்த ஊரு பேரு என்னங்க?"

சொன்னேன்.
சாவகச்சேரி, சாவகச்சேரி என்று
வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.
"எங்கூர்ல தேர் முடிஞ்ச மறுநா கூட்டியாந்தாங்க.
அடுத்த தேரும் முடிஞ்சிருக்குமுங்களா?"
இது கார்த்திகை. முடிந்து ஏழு மாதம்.
நான் பதில் சொல்லவில்லை.
தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

கதவை ஒரு சாண் திறந்து,
"படம் சரியா விழேல்லை அக்கா,
இன்னொருக்கா எடுக்கவேணும். ரீ குடிச்சிட்டு வாங்கோ."
பொய் இவ்வளவு லேசாய் வருமென்று நினைக்கவில்லை.
உள் போனில் டொக்டரைக் கூப்பிட்டேன்.
பெடியன், வந்து மூன்று மாதம்.
பின்வாசலால் வந்து திரையைப் பார்த்தார்,
பிள்ளையின் செருப்பைப் பார்த்தார்.
"வாட்டில போடுவம். சட்ட வைத்திய அதிகாரிக்கு நான் எடுக்கிறன்.
அதுவரைக்கும் மனுசிக்கு ஒண்டும் தெரியவேண்டாம்."

மனுசி ரீ குடிக்கப் போகவில்லை.
கதவடியில் நின்று ஆருக்கோ போனில்,
"கொஞ்சம் பிந்தும். வானைத் திருப்பி வையுங்கோ."

நான் மற்ற அங்கியை எடுத்து
அவள் மடியில் போட்டேன், ஏனென்று தெரியாது.
பாரமா இருக்குங்க என்றாள்.
எடுக்கட்டோ என்றேன்.
வேணாங்க, இருக்கட்டும்.

வெளியே அடுத்த துண்டுக்காரர் கதவில் தட்டுகிறார்.
தட்டட்டும்.